ஆலவட்டம் வீசியவரோடு பேசிய வரதர்!

காலையில் விளக்கேற்றி, பூ சாற்றி, பால் நைவேத்தியம் செய்துவிட்டு ஒரு நிமிடம் பூஜை அறையில் நிற்பீர்கள் அல்லவா? அந்த ஒரு நிமிடத்தில் ஸ்லோகமும் இல்லை, மந்திரமும் இல்லை. பெண்ணுக்கு வரன் அமையவேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை நன்றாக நடக்கவேண்டும், அவருக்கு சர்க்கரை குறையவேண்டும் என்று பெருமாளிடம் மனசுக்குள் பேசிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லாததைக்கூட அங்கே சொல்லிவிடுவீர்கள்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. 3,000 ஆண்டுகளுக்கும் முன்பு எகிப்து தேசத்தில் ஏழை எளியவர்கள், சின்னக் கற்பலகையில் காதுகளைச் செதுக்கி தங்கள் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்தார்களாம். சொல்வதெல்லாம் சுவாமியின் காதில் விழவேண்டும் என்ற ஆசைதான்! அதற்கும் முன்னால் சுமேரியாவில், கை கூப்பி, கண்களை அகல விரித்தபடி நிற்கும் சின்னச் சிலைகளைக் கோயிலில் வைத்துவிட்டு வருவார்களாம். வீட்டு வேலையைப் பார்க்கப் போனாலும், தங்களுக்குப் பதிலாக அந்தச் சிலை சுவாமியின் முன்னால் நின்று பிரார்த்தித்துக்கொண்டே இருக்குமாம்.

எல்லா தேசத்திலும், எல்லாக் காலத்திலும் மனிதர்கள் தெய்வத்திடம் பேசியிருக்கிறார்கள். ஆனால், தெய்வம் வாய் திறந்து பதில் பேசுமா? பேசியது என்கிறது நம் குருபரம்பரை வரலாறு. காஞ்சிபுரத்தில், அத்திகிரி அருளாளனான வரதராஜப் பெருமாள், தனக்கு விசிறி வீசிய ஓர் அடியவரோடு தினமும் பேசினார். அந்த பாக்கியசாலிதான் திருக்கச்சி நம்பிகள்.

அவருடைய வாழ்க்கையைத்தான் இப்போது நீங்கள் படிக்கப்போகிறீர்கள். பெருமாள் பேசினார் என்ற அதிசயத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. அப்படிப் பேசிய பெருமாளே அவருக்கு ஒன்றை இல்லை என்று சொன்னதும், அவர் சாப்பிட்ட இலையால் ஒரு வீட்டில் பெரிய மனஸ்தாபம் வந்ததும் இதில் உண்டு.

பூ கொடுத்த பிள்ளை

சென்னைக்கு மேற்கே இருக்கும் பூந்தமல்லி உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். பழைய பெயர் பூவிருந்தவல்லி. மல்லிகையும் மற்ற மலர்களும் மணக்க மணக்கப் பூத்த ஊர் அது. அங்கே ஒரு வைசியக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார் நம்பிகள். சம்பிரதாயக் கணக்குப்படி, அவர் அவதரித்தது கி.பி. 1009-ஆம் ஆண்டு, மாசி மாதம், மிருகசீர்ஷ நட்சத்திரம். ஸ்ரீராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தது 1017. ஆக, ராமானுஜரைவிட எட்டு வயது பெரியவர்.

தகப்பனார் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தாராம். மூன்று பிள்ளைகள் அதை முதலாக வைத்து வியாபாரம் செய்து பெருக்கினார்கள். நான்காவது பிள்ளையோ, தன் பங்கைப் பூந்தோட்டத்துக்கும் அடியார்களுக்கும் செலவழித்துவிட்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று அவரைப் பெற்றவர்கள் கவலைப்பட்டார்கள். ஆனால், நம்பிகளுக்கு அது நஷ்டமாகவே தெரியவில்லை.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிக்கு சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் தொண்டை நாட்டின் பெரிய ஏரிகள். இந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் என்றால், அந்தப் பக்கம் வாலாஜாபாத்துக்கு அருகே தென்னேரி. திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பார்கள். தொண்டைமான் இளந்திரையனின் பெயரைச் சொல்லும் ஊர் அது. காஞ்சி வரதர் தெப்பம் கண்டருள எழுந்தருளும் சிறப்பும் தென்னேரிக்கு உண்டு. இப்படிக் கடல்போல ஏரிகள் விரிந்து கிடக்கும் பூமியில், பூக்கூடையைச் சுமந்துகொண்டு நம்பிகள் வரதரைத் தேடி நடந்தார். நாளாக ஆக, காஞ்சியே அவருக்கு இருப்பிடமாகிவிட்டது.

திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த ஆளவந்தாரை ஆசார்யனாக அடைந்தார். பேரருளாளதாசர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பேரருளாளன் என்பது வரதரின் திருநாமம். பேரிலேயே அவருக்கு அடிமை!

விசிறி எந்த ஊருக்கு?

நம்பிகள் செய்த சேவை என்ன தெரியுமா? ஆலவட்டம் வீசுவது. நாம் விசிறி என்கிறோமே, அதுதான். பெருமாளுக்கு அருகில் நின்று விசிறிக்கொண்டே இருக்கவேண்டும்.

இதைப்பற்றி ஓர் அழகான கதை வழங்கி வருகிறது. நம்பிகள் முதலில் விசிறியோடு திருவரங்கம் போனாராம். இருபுறமும் காவிரி ஓடுகிறது, குளிர்ந்த காற்றுக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டார் அரங்கன். அடுத்து திருமலைக்குப் போனார். மலைமேல் நிற்கும் எனக்கு ஏற்கெனவே குளிர் அதிகம் என்றார் வேங்கடவன். இருவரும் கைகாட்டிய இடம் காஞ்சி!

ஏன் தெரியுமா? வரதர், பிரம்மா செய்த யாகத்தின் அக்னி குண்டத்திலிருந்து தோன்றியவர். அந்த யாகத் தீயின் வடுக்களை உற்சவரின் திருமுகத்தில் இன்றும் நீங்கள் சேவிக்கலாம். வெப்பத்தில் பிறந்த பெருமாளுக்குத்தானே விசிறி தேவை!

அப்படித்தான் நம்பிகள் வரதரின் அருகில் போய் நின்றார். சந்நிதியில் கூட்டம் குறைந்த பிறகு, பெருமாளும் பிராட்டியும் தனித்திருக்கும் நேரத்தில், அவர் வீச வீச வரதர் பேச ஆரம்பித்தார். எஜமானர் வேலைக்காரரிடம் பேசுவதுபோல அல்ல. வேலை எல்லாம் முடிந்து முற்றத்தில் உட்கார்ந்து வீட்டு மனிதர்கள் பேசிக்கொள்வார்களே, அதுபோல! அர்ச்சாவதாரத்தில் பெருமாள் பேசுவதில்லை என்பது பொது விதி. அந்த விதியை நம்பிகளுக்காக வரதர் தளர்த்திக்கொண்டார் என்பார்கள் பெரியவர்கள்.

ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஏதாவது சந்தேகம், ஏதாவது கஷ்டம் என்றால், வரதரிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பிகளைத் தேடி வந்தார்கள். அவரும் கேட்டுச் சொன்னார். ஆனால், தனக்கென்று தட்சணை வாங்கவில்லை, தன் பெயரில் ஒரு கூட்டம் சேர்க்கவில்லை. மறுநாளும் அதே விசிறி, அதே இடம். வரதரைப் போற்றி சம்ஸ்கிருதத்தில் எட்டு ஸ்லோகங்கள் கொண்ட தேவராஜ அஷ்டகத்தை அருளினார்.

தண்ணீர்க் குடமும் வாழை இலையும்

இளைஞரான ராமானுஜர் காஞ்சியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த காலம். குருவுக்கும் சிஷ்யருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. காசி யாத்திரை என்று அழைத்துப் போய் ராமானுஜரின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்ததும், விந்திய மலைக் காட்டில் வேடனும் வேடுவச்சியுமாக வந்து வரதரும் தாயாரும் அவரைக் காஞ்சியில் கொண்டுவந்து சேர்த்ததும் நீங்கள் கேட்ட கதைதான். அந்தத் தம்பதி தண்ணீர் கேட்ட இடம் காஞ்சிக்கு வெளியே உள்ள சாலைக்கிணறு.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ராமானுஜர் நம்பிகளிடம்தான் போனார். அந்தக் கிணற்றிலிருந்தே தினமும் ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவந்து வரதருக்குச் சமர்ப்பிக்கும்படி சொன்னார் நம்பிகள். பெரிய பாண்டித்யம் உடையவருக்கு அவர் கொடுத்த முதல் பாடம் தண்ணீர் சுமப்பது!

நாளுக்கு நாள் ராமானுஜருக்கு நம்பிகளின் மேல் பக்தி வளர்ந்தது. அவரையே தன் ஆசார்யனாக ஏற்க விரும்பினார். நம்பிகள் இசையவில்லை. அந்தக் கால வர்ணாசிரம வழக்கப்படி, வைசியராகிய தான் அந்தணருக்கு ஆசார்யனாக இருந்து உபதேசிப்பது முறையல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்.

ராமானுஜர் வேறு ஒரு வழி யோசித்தார். நம்பிகளைத் தன் வீட்டுக்கு அமுது செய்ய அழைத்து, அவர் உண்ட சேஷத்தைப் பிரசாதமாக ஏற்றுக்கொண்டால் தான் புனிதமாகிவிடலாம் என்று ஆசைப்பட்டார். நம்பிகளும் வருவதாக ஒப்புக்கொண்டார். ராமானுஜரின் தேவிகள் தஞ்சமாம்பாள் வகைவகையாகத் தளிகை செய்து வைத்தார்.

நம்பிகள் வர நேரமாகவே, எதிர்கொண்டு அழைத்துவர ஒரு தெரு வழியாகப் போனார் ராமானுஜர். நம்பிகளோ வேறு தெரு வழியாக வந்து வாசலில் நின்றார். கோயிலில் வரதருக்கு விசிறி வீச நேரமாகிறது என்று சொல்லி, உடனே சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார். தஞ்சமாம்பாள் குறையில்லாமல்தான் பரிமாறினார். ஆனால், அவர் போனதும் எச்சில் இலையை ஒரு கோலால் தள்ளி வெளியே போட்டார். அந்த இடத்தை மெழுகினார். மீதி இருந்த தளிகையை வேலையாளிடம் கொடுத்துவிட்டார். தலைக்கு ஸ்நானம் செய்து, ராமானுஜருக்காக மறுபடியும் புதிதாக அடுப்பு மூட்டினார்.

திரும்பி வந்த ராமானுஜர் நடந்ததைக் கேட்டுத் துடித்துப்போனார். எந்த இலையைப் பிரசாதமாக நினைத்துக் காத்திருந்தாரோ, அந்த இலை வாசலுக்கு வெளியே கிடந்தது. பின்னாளில் அவர் இல்லறத்தை விட்டுத் துறவு மேற்கொண்டதற்கு, இதுபோல நடந்த சில மனஸ்தாபங்களைக் காரணமாகச் சொல்வார்கள்.

தஞ்சமாம்பாளைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். பிறந்த வீட்டில் தாயும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த ஆசாரத்தை அவர் அப்படியே செய்தார், அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், ஊரே எந்த மனிதர் வழியாக வரதரின் திருவாக்கைக் கேட்டதோ, அந்த மனிதர் உண்ட இடத்தைத் தீட்டு என்று மெழுகவேண்டியதாகிவிட்டது. நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கென்று தனியாக ஒரு டம்ளரை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறோமா? இதைப் படித்து முடித்ததும் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். கேள்வி ராமானுஜர் வீட்டோடு முடிந்துபோகவில்லை.

நம்பிகள் இதற்காகக் கோபப்பட்டதாக எந்த வரலாறும் இல்லை. அன்று மாலையும் அவர் கையில் ஆலவட்டம் இருந்தது.

கேட்காத கேள்விக்கு ஆறு பதில்

ஆளவந்தாரைச் சேவிக்கும் ஆசையோடு ராமானுஜர் திருவரங்கம் சென்றபோது, ஆளவந்தார் அதற்குள் பரமபதித்துவிட்டார். மனம் நொந்து காஞ்சிக்குத் திரும்பிய அவர் உள்ளத்தில் சில சந்தேகங்கள் இருந்தன. அவை என்னென்ன என்று நம்பிகளிடம்கூட அவர் விவரிக்கவில்லை. தன் மனத்தில் உள்ளவற்றுக்கு வரதர் திருவுள்ளம் என்ன என்று கேட்டுச் சொல்லும்படி மட்டும் வேண்டிக்கொண்டார்.

அன்று இரவு விசிறிக்கொண்டே நம்பிகள் விண்ணப்பித்தார். வரதர் ஆறு வார்த்தைகள் அருளினார். பரம்பொருள் தானே என்பது முதலாவது. ஜீவனும் பரமனும் வேறு வேறு என்பது இரண்டாவது. தன்னை அடைய வழி சரணாகதி என்பது மூன்றாவது. சரணடைந்தவனுக்கு உயிர் பிரியும் நேரத்தில் தன்னை நினைக்க முடியாமல் போனாலும் பாதகமில்லை என்பது நான்காவது. இந்த உடல் விழும்போதே மோட்சம் உண்டு என்பது ஐந்தாவது. பெரிய நம்பியை ஆசார்யனாகப் பற்றவேண்டும் என்பது ஆறாவது.

நம்பிகள் அதை அப்படியே வந்து சொன்னார். தன் மனத்தில் இருந்ததற்கெல்லாம் பதில் கிடைத்ததைக் கண்ட ராமானுஜர் தரையில் விழுந்து வணங்கினார். பெரிய நம்பியைத் தேடித் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். பெரிய நம்பியும் அவரைத் தேடிக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தார்கள். அங்கே ஏரி காத்த ராமர் கோயிலில் ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் நடந்தது. விசிஷ்டாத்வைதம் என்ற பெரிய ஆலமரத்துக்கு விதை, காஞ்சியில் ஒரு விசிறிக்காரர் சுமந்து வந்த ஆறு வார்த்தைகள்!

நான்காவது வார்த்தையை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில், நினைவு தப்பிய நிலையில் தாயையோ தகப்பனையோ வழியனுப்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கடைசியில் அம்மா வாயில் கோவிந்தா என்ற நாமம் வரவில்லையே என்று ஏங்கியிருப்பீர்கள். நல்ல நிலையில் இருந்தபோது அவள் சரண் என்று சொன்னது போதும், கடைசி நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வரதர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்தவர் நம்பிகள்.

கணக்கு நேராகிவிட்டது!

ஊருக்கெல்லாம் கேட்டுச் சொன்னவர், தனக்காக ஒரு நாள் ஒன்று கேட்டார். மோட்சம் வேண்டும் என்றார்.

வரதர் என்ன சொன்னார் தெரியுமா? நீ எனக்கு வீசினாய், நான் உன்னோடு பேசினேன், அதற்கு இது சரியாகிவிட்டது என்றார்! கேட்பவருக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை காலம் கை ஓயாமல் வீசியதற்கு, பேச்சு மட்டும்தான் கூலியா?

ஆனால், வரதர் அதோடு கைவிடவில்லை. வழியையும் காட்டினார். அடியார் ஒருவரின் அபிமானத்துக்குப் பாத்திரமானால்தான் மோட்சம் கிடைக்கும் என்பது அவர் திருவுள்ளம். பெருமாளுக்கு மட்டும் வேண்டியவராக இருந்தால் போதாது. பெருமாளின் மனிதர்களுக்கும் வேண்டியவராக இருக்கவேண்டும்.

நம்பிகள் திருக்கோஷ்டியூருக்குப் போனார். அங்கே ஆளவந்தாரின் சிஷ்யரான திருக்கோஷ்டியூர் நம்பியின் வீட்டில், தான் யார் என்று சொல்லிக்கொள்ளாமல், மாடு மேய்க்கும் ஆளாகச் சேர்ந்தார் என்கிறது வரலாறு. காஞ்சியில் வரதர் காத்திருந்து பேசும் மனிதர், வேற்றூரில் கொட்டில் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அந்த மாடுகளைத் தன் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அவர் யார் என்று திருக்கோஷ்டியூர் நம்பிக்குத் தெரிந்துபோயிற்று. பதறிப்போனவர், காரணத்தை அறிந்ததும் மனம் உருகி அவரை ஏற்றுக்கொண்டார். வரதர் கேட்ட அடியாரின் அபிமானம் கிடைத்துவிட்டது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாலையில் கோயிலுக்கு விளக்குப் போட ஓடுகிறோம். கட்டிலில் கிடக்கும் மாமியாருக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? ஏகாதசி விரதம் இருக்கிறோம். அன்றைக்கு வீட்டில் மற்றவர்களிடம் எரிந்து விழாமல் இருந்தால் என்ன? வரதர் போடும் கணக்கில் இவையும் வரவுதான்.

தேடி வந்த வரதர்

வயது ஏறியது. காஞ்சிக்கு நடக்க நம்பிகளின் கால்களில் வலு இல்லை. பூந்தமல்லியில் இருந்தபடியே வரதரை நினைத்து ஏங்கினார். இத்தனை காலம் தன்னைத் தேடி நடந்து வந்தவரை இப்போது தான் தேடிப் போவதுதான் முறை என்று நினைத்தாரோ என்னவோ, வரதர் பூந்தமல்லிக்கே வந்து காட்சி தந்தார். தம்மிடம் விசிறி வேண்டாம் என்று அனுப்பிவைத்த அரங்கனும் வேங்கடவனும்கூட அங்கே சேவை சாதித்தார்கள் என்கிறது தலபுராணம்.

பூந்தமல்லி கடைவீதிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலை இன்றும் திருக்கச்சி நம்பிகள் கோயில் என்றே சொல்கிறார்கள். தாயார் திருநாமம் புஷ்பவல்லி. பூக்கூடை சுமந்தவர் ஊரில் தாயாருக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்! திருக்கச்சி நம்பிகளுக்கு அங்கே தனிச் சந்நிதி உண்டு. மாசி மிருகசீர்ஷத்தை ஒட்டி அவருடைய திருநட்சத்திரம் கொண்டாடப்படும். சென்னையில் இருப்பவர்கள் ஒரு காலைப்பொழுதில் சேவித்துவிட்டு வரலாம்.

காஞ்சிக்குப் போனால், சின்ன காஞ்சிபுரத்தில் அத்திகிரியின் 24 படிகளை ஏறி வரதரைச் சேவியுங்கள். பெருந்தேவித் தாயாரையும் மறக்காமல் சேவியுங்கள். 2019-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் அத்தி வரதர் 48 நாட்கள் சேவை சாதித்தபோது, மணிக்கணக்கில் வரிசையில் நின்று, ஒரு சில விநாடிகள் மட்டும் சேவிக்கமுடிந்தது என்று உங்களில் பலர் வருத்தப்பட்டிருப்பீர்கள். அந்த வருத்தம் வேண்டாம். சாதாரண நாளில் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். நம்பிகள் நின்ற சந்நிதி அதுதான். மனத்தில் இருப்பதைப் பேசுங்கள்.

பதில் காதில் விழாமல் போகலாம். நம்பிகளுக்கே எல்லாவற்றுக்கும் விரும்பிய பதில் கிடைத்துவிடவில்லையே! மோட்சம் கேட்டவரை வரதர் மாட்டுக்கொட்டிலுக்கு அனுப்பிவைத்தார். உங்களை எங்கே அனுப்புகிறார் என்று கவனியுங்கள். மாமியார் படுத்திருக்கும் அறைக்காக இருக்கலாம். பேசாமல் விட்டுப்போன நாத்தனார் வீட்டுக்காக இருக்கலாம். அங்கே போய்விட்டு வாருங்கள். வரதர் அருளுவார்.